பல் டாக்டர்கள்தான் அதிகம் தற்கொலை செய்துகொள்கிறார்களா?

ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகளுக்கு பி.டி.எஸ். சீட் கிடைத்திருக்கிறது. கல்லூரியில் சேரப்போகும் நேரத்தில் உறவினர் ஒருவர், "உலகத்திலேயே அதிகமாகத் தற்கொலை செய்துகொள்கிறவர்கள் பல் டாக்டர்கள்தான், தெரியாதா?" என்று கேட்டுவிட்டாராம். அன்றிலிருந்து பெண்ணின் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. இது உண்மையா, உண்மை என்றால் ஏன் அப்படி, பெண்ணைச் சேர்க்கலாமா என்று கேட்கிறார்.

நான் பல் மருத்துவம் படித்துவிட்டு, பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத்தில் பாடம் எடுக்கிறவன். மாணவர்களும் இதே கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் உறவினர் சொன்னது தவறு. எல்லாத் தொழிலையும்விடப் பல் மருத்துவத்தில்தான் தற்கொலை அதிகம் என்று சொல்ல இன்றைக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு வெறுங்கற்பனையில் பிறந்ததும் இல்லை. எங்கிருந்து வந்தது, எங்கே பிசகியது என்று தெரிந்துகொண்டால், கவலைப்பட வேண்டியது எதைப் பற்றி என்பதும் புரியும்.

இது பெரும்பாலும் அமெரிக்காவில் வளர்ந்த பேச்சு. 1963இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில், ஓரிகன் மாநிலத்தில் தொழில்வாரியாக நடந்த தற்கொலைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதில் பல் மருத்துவர்களும் மற்ற மருத்துவர்களும் மேலே இருந்தார்கள். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. அந்தக் காலத்தில் ஒரு மாநிலத்தில் இருந்த பல் டாக்டர்களே சில ஆயிரம் பேருக்குள்தான் இருந்திருப்பார்கள். அவ்வளவு சிறிய கூட்டத்தில் இரண்டு மூன்று மரணங்கள் கூடினாலோ குறைந்தாலோ விகிதம் தலைகீழாக மாறிவிடும்.

அப்புறம் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஸ்டீவன் ஸ்டாக். அமெரிக்காவின் 21 மாநிலங்களின் 1990ஆம் ஆண்டு இறப்புப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார். பல் மருத்துவர்களுக்குத் தற்கொலை ஆபத்து ஐந்து மடங்குக்கும் மேல் என்ற கணக்கு வந்தது. இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கும் எண்கள் பெரும்பாலும் இவருடைய வேலையிலிருந்து வந்தவைதான். வயது, பாலினம் போன்றவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் முழுதாகக் கரையவில்லை என்றார். அதனால் இவரை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தக் கணக்கு இறந்தவர்களின் பதிவுகளை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. அதில் ஒரு பொறி இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஓர் ஊரில் 10,000 பல் டாக்டர்கள், 10,000 ஆலைத் தொழிலாளர்கள். ஓராண்டில் இரண்டு பக்கமும் தலா 2 பேர் தற்கொலை செய்துகொள்கிறார்கள். ஆபத்து இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் அந்த ஆண்டில் தொழிலாளர்களில் மொத்தம் 100 பேரும், டாக்டர்களில் 50 பேரும் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர்களிடம் புகைபழக்கம் குறைவு, வருமானம் அதிகம், நோய் வந்தால் சீக்கிரம் கவனிக்கிறார்கள், அதனால் மற்ற காரணங்களால் வரும் சாவு குறைவு. இப்போது இறந்தவர்களை மட்டும் பார்த்தால், தொழிலாளர்களில் நூற்றுக்கு 2, டாக்டர்களில் நூற்றுக்கு 4. "பல் டாக்டர்களிடம் தற்கொலை இரண்டு மடங்கு" என்று தலைப்பு தயாராகிவிடும். தொழில்வாரித் தற்கொலை பற்றிய பழைய ஆய்வுகளில் பல இந்த வழியில் போனவை.

இன்னொன்றும் உண்டு. அன்றைய அமெரிக்கப் பல் டாக்டர் என்றால் பெரும்பாலும் நடுவயதைத் தொட்ட அல்லது தாண்டிய வெள்ளையின ஆண். அந்த நாட்டில் தற்கொலை விகிதம் அதிகமாக உள்ள பிரிவுகளில் அதுவும் ஒன்று, அவர் பல் பிடுங்கினாலும் சரி, கடை வைத்திருந்தாலும் சரி. ஆண், பெண், எல்லா வயதும் கலந்த மொத்த மக்கள்தொகையோடு அவரை ஒப்பிட்டால் தொழில்தான் குற்றவாளி மாதிரித் தெரியும். 2001இல் ரோஜர் அலெக்சாண்டர் என்ற பல் மருத்துவப் பேராசிரியர் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் இந்தப் பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுவிடாமல் அலசினார். பல் மருத்துவர்கள் பொதுமக்களைவிட அதிகம் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்று சொல்ல நம்பத்தக்க ஆதாரம் மிகக் குறைவு என்ற முடிவுக்கு வந்தார். கூடவே, பெண் பல் மருத்துவர்கள் கூடுதல் ஆபத்தில் இருக்கக்கூடும் என்ற குறிப்பையும் வைத்தார். அந்தக் குறிப்புக்குக் கிடைக்க வேண்டிய கவனம் இன்றுவரை கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

பிரிட்டனில் நடந்தது இன்னும் தெளிவானது. 1979 முதல் 1983 வரையிலான பதிவுகளில் தற்கொலை விகிதம் அதிகமாக இருந்த தொழில்களின் வரிசையில் கால்நடை மருத்துவர்கள் முதலிடம், மருந்தாளர்கள் நான்காவது, பல் மருத்துவர்கள் ஆறாவது, மருத்துவர்கள் பத்தாவது. ஆக, ஒரு காலத்தில் பல் மருத்துவம் அந்தப் பட்டியலில் உயரத்தில் இருந்தது உண்மை. ஆனால் 2001 முதல் 2005 வரையிலான பதிவுகளைப் பார்த்தால், இந்தத் தொழில்களில் ஒன்றுகூட முதல் 30 இடங்களில் இல்லை. அவற்றின் இடத்துக்கு வந்தவை உடலுழைப்புத் தொழில்கள். ஸ்வான்சி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒப்பீடு இது. கால் நூற்றாண்டுக்குள் ஒரு பட்டியல் இப்படிப் புரண்டு விழுகிறது என்றால், 'இந்தத் தொழிலின் சாபம்' என்று ஒன்று கிடையாது என்றுதானே அர்த்தம்? சூழ்நிலை மாறினால் விகிதமும் மாறுகிறது.

எல்லா நாட்டிலும் இப்படியே என்று சொல்லிவிட மாட்டேன். டென்மார்க்கில் ஒவ்வொரு குடிமகனின் பதிவும் இருக்கிறது, அதனால் அங்கே வரும் கணக்குகள் நம்பகமானவை. 2011இல் வெளியான ஆய்வு ஒன்றில் பல் மருத்துவர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளர்கள் எல்லோருக்குமே ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வந்தது. ஐந்து மடங்கு இல்லை, முதலிடமும் இல்லை. ஆனாலும் இரண்டு மடங்கு என்பது சாதாரண விஷயம் அல்ல.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இப்போது தொழில்வாரியாக வெளியிடும் அறிக்கைகளில் மேலே நிற்பவர்கள் கட்டுமானத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும்தான். அந்த மையமே ஒருமுறை தடுக்கி விழுந்திருக்கிறது. விவசாயம், மீன்பிடிப்பு சார்ந்த தொழிலாளர்கள்தான் முதலிடம் என்று 2016இல் சொன்ன அறிக்கையை, தொழில்களைத் தவறாக வகைப்படுத்திவிட்டோம் என்று கண்டுபிடித்து 2018இல் திரும்பப் பெற்றது. இறப்புச் சான்றிதழில் யாரோ எழுதிவைத்த தொழில் பெயரை நம்பிப் போடும் கணக்கு எவ்வளவு வழுக்கக்கூடியது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான்.

2023இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில், அமெரிக்காவில் 2008 முதல் 2019 வரை பதினெட்டு லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு வந்தது. மருத்துவத் துறையில் யாருக்குத் தற்கொலை ஆபத்து அதிகம் என்பது கேள்வி. மருத்துவத் துறைக்கு வெளியே வேலை செய்கிறவர்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 12.6 தற்கொலைகள். செவிலியர்களுக்கு 16. சுகாதாரத் துணைப் பணியாளர்களுக்கு 21.4. மருத்துவர்களையும் செவிலியர்களையும் தவிர்த்து நோயறிந்து சிகிச்சை தரும் மற்ற நிபுணர்களின் பிரிவு ஒன்று இருக்கிறது, அதற்கு 7.6தான். அமெரிக்க அரசின் தொழில் வகைப்பாட்டின்படி பல் டாக்டர் இந்தக் கடைசிப் பிரிவில் வருவார். அவர் பக்கத்தில் நின்று உமிழ்நீரை உறிஞ்சும் குழாயைப் பிடித்து, கருவிகளைக் கழுவி, நோயாளியைச் சேரில் உட்காரவைக்கும் டென்டல் அசிஸ்டென்ட், ஆபத்து அதிகமுள்ள அந்தத் துணைப் பணியாளர் பிரிவில் வருவார். பல விதமான வேலைகள் கலந்த பிரிவுகள் இவை, அதனால் அசிஸ்டென்டுக்கு மட்டும் தனியாக எவ்வளவு என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஆனாலும் அறுபது ஆண்டுகளாக எல்லோரும் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். குறைந்த சம்பளத்தில், வேலை நிரந்தரம் இல்லாமல், டாக்டரிடமும் நோயாளியிடமும் பேச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்ற பெண்ணை யாரும் பார்க்கவில்லை. நம் ஊர்க் கிளினிக்குகளில் பிளஸ் டூ முடித்துவிட்டு நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்க்கும் பெண்களை நினைக்கும்போது இது என்னை உறுத்துகிறது.

சரி, பல் டாக்டர்கள் தற்கொலையில் முதலிடத்தில் இல்லை என்றால் கவலையே வேண்டாமா? அப்படி இல்லை. சாவின் எண்ணிக்கை வேறு, வேதனையின் அளவு வேறு. பிரிட்டிஷ் பல் மருத்துவச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வேலை அழுத்தத்தைச் சமாளிக்க முடியவில்லை என்று சொன்னவர்கள் 43.8 சதவீதம். தற்கொலையைப் பற்றித் தீவிரமாக யோசித்ததுண்டு என்றவர்கள் 17.6 சதவீதம். ஆஸ்திரேலியாவில் 2021இல் பல் மருத்துவத் துறையினரிடம் கேட்டபோது, கடந்த ஓராண்டுக்குள் அந்த எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர். இப்படிப்பட்ட கணக்கெடுப்புகளுக்கு வேதனையில் இருப்பவர்கள் அதிகம் பதில் எழுதுவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் இருப்பது பெரிய எண்தான்.

ஏன் இவ்வளவு வேதனை? பாதரசம்தான் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு, பல் அடைக்கும் அமால்கத்திலிருந்து வருவது. தற்கொலையோடு அதை இணைக்கும் உறுதியான ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். வேலையின் தன்மையைப் பாருங்கள். நோயாளி விழித்திருக்கிறார், பயந்திருக்கிறார், பல பேர் உள்ளே நுழையும்போதே "டாக்டர், எனக்கு உங்களைக் கண்டாலே பயம்" என்கிறார்கள். நாள் முழுக்க அந்தப் பயத்தை வாங்கிக்கொண்டே, வாய்க்குள் மில்லிமீட்டர் கணக்கில் கை நடுங்காமல் வேலை செய்ய வேண்டும். ரூட் கெனால் செய்யும்போது பல்லின் வேர்க்குழாயைச் சுத்தம் செய்யும் ஃபைல் என்ற மெல்லிய கருவி உள்ளே முறிந்தால் அந்தக் கணமே வயிறு கலங்கும். கழுத்தும் முதுகும் முப்பது வயதிலேயே வலிக்கத் தொடங்கும். பெரிய மருத்துவமனையில் இருக்கிற டாக்டருக்குப் பக்கத்து அறையில் இன்னொரு டாக்டர் இருப்பார். தனி கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டருக்கு, தவறு நடந்த அன்று பேசக்கூட ஆள் கிடையாது. அதோடு வாடகை, சம்பளம், சேருக்கு வாங்கிய கடன், எல்லாம் அவர் தலையில். அமெரிக்காவில் கடன் வாங்கிப் படித்து முடிக்கும் பல் மருத்துவருக்குச் சராசரியாக ஏறக்குறைய 3 லட்சம் டாலர் கல்விக்கடன் நிற்கிறது.

இவற்றையெல்லாம்விட அதிகமாக ஆளை உடைப்பது நோயாளி கொடுக்கும் புகார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியே இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. பிரிட்டனில் பல் மருத்துவர்களிடம் எது உங்களை அதிகம் அழுத்துகிறது என்று கேட்டால், புகாரும் வழக்கும் வருமோ என்ற பயம் முன்வரிசையில் நிற்கிறது. விசாரணை மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். குற்றம் நிரூபணமாவதற்கு முன்பே ஊரில் பெயர் போய்விடும். பிரிட்டனில் மருத்துவர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் பொது மருத்துவ கவுன்சில் 2005 முதல் 2013 வரையிலான தன் கோப்புகளைத் திருப்பிப் பார்த்தபோது, விசாரணையில் இருந்த காலத்தில் தற்கொலையால் இறந்தவர்கள், அல்லது அப்படி இறந்ததாகச் சந்தேகிக்கப்படுபவர்கள், 28 மருத்துவர்கள். இது மருத்துவர்களின் கணக்கு, பல் மருத்துவர்களுடையது அல்ல. ஆனால் விசாரணை நடக்கும் விதம் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான். நோயாளியின் புகாரைக் கேட்காமல் இருக்க முடியாது, கேட்டே ஆக வேண்டும். ஆனால் விசாரிக்கப்படுகிறவர் அந்த நாட்களை எப்படிக் கடக்கிறார் என்று கவனிக்கும் பொறுப்பும் விசாரிக்கும் அமைப்புக்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

பல் மருத்துவ வரலாற்றில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பெயரை இந்தப் பேச்சில் இழுப்பார்கள். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்துப் பல் மருத்துவர். 1844 டிசம்பரில் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் சுவாசித்துத் தன் பல்லையே இன்னொருவரைக் கொண்டு வலியில்லாமல் பிடுங்கவைத்து, மயக்க மருந்துக்கு வழி காட்டியவர். மறு மாதம் பாஸ்டனில் செய்துகாட்டியபோது நோயாளி கத்திவிட்டார், கூட்டம் கேலி செய்தது. 1848 ஜனவரியில் நியூயார்க் சிறையில் 33 வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவமானம்தான் கொன்றது என்று கதை சொல்லிவிடலாம். ஆனால் கடைசி நாட்களில் அவர் குளோரோஃபார்மைத் தன்மேலேயே சோதித்துச் சோதித்து மனநிலை குலைந்திருந்தார், அந்த நிலையில் தெருவில் நடந்துகொண்ட விதத்துக்காகத்தான் சிறைக்கே போனார். எந்தத் தற்கொலைக்கும் ஒற்றைக் காரணம் கிடையாது. தொழிலைக் காரணம் சொல்லும்போது, சிகிச்சை பெறாத மனச்சோர்வு, போதைப் பழக்கம், குடும்பத்தில் நடக்கும் சிக்கல்கள் எல்லாம் மறைந்துவிடுகின்றன. மருந்துகள் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதும் மருத்துவத் தொழில்களுக்கே உரிய ஆபத்து.

அப்புறம், உதவி கேட்கப் பயம். மனநல டாக்டரிடம் போனால் லைசென்ஸுக்கு ஆபத்து வருமோ என்று பயந்து, அடுத்தவருக்கு வைத்தியம் பார்க்கிறவர்களே தங்களுக்குப் பார்க்காமல் இருப்பார்கள். இதை உடைக்கத்தான் 2008இல் லண்டனில் மருத்துவர்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் சேர்த்து ரகசியமாகச் சிகிச்சை தரும் திட்டம் ஒன்று தொடங்கி, பிறகு விரிவடைந்தது. அமெரிக்காவில் 2020இல் உயிரிழந்த டாக்டர் லோர்னா பிரீன் பெயரில் 2022இல் ஒரு சட்டம் வந்தது, மருத்துவத் துறையினரின் மனநலத்துக்கு நிதி ஒதுக்கியது. ஆஸ்திரேலியாவில் பல் மருத்துவத் துறையினருக்கென்றே தனித் தொலைபேசி உதவி 2023இல் தொடங்கியது. அதில் டாக்டர் மட்டுமல்ல, படிக்கும் மாணவரும் பேசலாம்.

நம் நாட்டில்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் தற்கொலைக் கணக்கு வெளியிடுகிறது. 2022இல் மொத்தம் 1,70,924 பேர். அதில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் தினக்கூலிகள். விவசாயி, மாணவர், இல்லத்தரசி, சம்பளக்காரர் என்று பிரிவுகள் இருக்கின்றன, பல் டாக்டர் என்று தனிப் பிரிவு இல்லை. ஆக, இந்தியாவில் பல் டாக்டர்கள் இத்தனை மடங்கு என்று யாராவது எண் சொன்னால், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேளுங்கள். இங்கே கண்ணுக்குத் தெரிகிற பிரச்சினை வேறு. முந்நூறுக்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளியே வருகிறவர்களுக்கு ஏற்ற வேலை இல்லை. ஐந்து வருடம் படித்து, தனியார் கல்லூரியில் லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, முதல் வேலையில் கைக்கு வருவதைப் பார்த்துக் கூனிக்குறுகிப் போகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். "எம்.பி.பி.எஸ். கிடைக்கலையா?" என்ற கேள்வியை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் கேட்டுக் கேட்டு நொந்தவர்களையும் தெரியும். அந்தக் கேள்வியை உங்கள் வீட்டில் யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண்ணைச் சேர்க்கலாமா என்றால், அவளுக்கு இந்தப் படிப்பில் விருப்பம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் தாராளமாகச் சேருங்கள். கட்டணத்துக்காக வீட்டையோ நிலத்தையோ விற்க வேண்டி வந்தால் மட்டும் நின்று யோசியுங்கள். அந்தச் சுமை பின்னால் அவள் மனதில்தான் ஏறும். மூன்றாம் ஆண்டில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கும்போது திணறல் வரும், அது எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லாமல் போனால், தோழிகளிடமிருந்து ஒதுங்கினால், "நான் எல்லோருக்கும் பாரம்" என்ற மாதிரிப் பேசினால், சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாம்மா?" அப்படிக் கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். "ஆமாம்" என்று சொன்னால் திட்டாமல், அழாமல், பக்கத்திலேயே இருந்து அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொண்டு, வழக்கும் தண்டனையும் இல்லாமல் சிகிச்சை தரச் சொல்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் பல் டாக்டரோ, மாணவரோ, அசிஸ்டென்டோ இருந்து, அந்த எண்ணம் இப்போது மனதில் ஓடிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே யாரிடமாவது பேசுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104க்கும் அழைக்கலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044 2464 0050. இலங்கையில் இருந்தால் 1926. கிளினிக்கில் உங்களோடு வேலை செய்கிறவர் யாராவது சில நாட்களாக வாடிப்போயிருப்பதாகத் தோன்றினால், கடைசி நோயாளி போன பிறகு அவரை உட்காரவைத்து என்ன ஆச்சு என்று கேளுங்கள். இந்த எண்களையும் கையில் கொடுங்கள்.